லேப்ல ஒரு ஒயர், காலேஜ் முழுக்க நெட் இல்ல: ஸ்பேனிங் ட்ரீ பாதுகாப்பு

எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்தவை நீக்கப்பட்டுள்ளன. கட்டளைகள் சிஸ்கோ ஸ்விட்ச்சில் இருக்கும் முறைப்படி சொல்லப்பட்டுள்ளன. மற்ற கம்பெனி ஸ்விட்ச்களில் வார்த்தை மாறும், வேலை பெரும்பாலும் ஒன்றுதான்.

இன்னைக்கு ஒரு போன் காலில் இருந்து ஆரம்பிக்கிறேன்.

ரெண்டு வருஷம் முன்னாடி. காலை 9:40. நான் சேலத்துல வீட்ல இருந்தே ஆபீஸ் வேலை பார்த்துட்டு இருக்கேன். திருச்செங்கோடு பக்கம் ஒரு காலேஜ்ல நெட்வொர்க் பார்த்துக்கிற நண்பன் கூப்பிடுறான். "மச்சி, நெட் போச்சுடா." இன்டர்நெட்டான்னு கேட்டேன். "இல்லடா, எல்லாமே. பக்கத்து சிஸ்டமே பிங் ஆகல. பத்து மணிக்கு பிராக்டிகல் எக்ஸாம். வெளியூர்ல இருந்து எக்ஸாமினர் வந்து உட்கார்ந்திருக்காரு."

வண்டி எடுத்தா ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். அதனால வீடியோ கால். சர்வர் ரூமுக்குள்ள போய் ஸ்விட்ச்சைக் காட்டச் சொன்னேன். எல்லா லைட்டும் ஒரே நேரத்துல, ஒரே வேகத்துல, படபடன்னு அடிக்குது. சாதாரணமா ஒவ்வொரு போர்ட் லைட்டும் தன் போக்குல மினுக்கும். எல்லாம் சேர்ந்து துடிச்சா முதல் சந்தேகம் ஒண்ணுதான்: லூப்.

ஸ்விட்ச்சுக்குள்ள லாகின் பண்ணவும் முடியல. அதோட சிபியு வேற வேலையே பார்க்க முடியாம திணறுது. கடைசியில ஒவ்வொரு பில்டிங்குக்கும் போற ஒயரை ஒண்ணொண்ணா பிடுங்கச் சொன்னேன். நாலாவது ஒயரைப் பிடுங்கினதும் லைட் எல்லாம் அடங்குச்சு. அந்த ஒயர் போற லேப்புக்கு ஓடினா, ஒரு மேஜைக்கு அடியில எட்டு போர்ட் வச்ச சின்ன ஸ்விட்ச். அதுக்குள்ள சுவர் சாக்கெட்ல இருந்து ஒரு ஒயர் வருது. பக்கத்து சாக்கெட்ல இருந்து இன்னொண்ணும் வருது. ரெண்டாவதைப் பிடுங்கினான். எக்ஸாம் 11 மணிக்கு ஆரம்பிச்சுது.

சொருகினது யாருன்னு தேட ரொம்ப நேரம் ஆகல. லேப் அட்டெண்டர். அம்பது வயசு தாண்டின மனுஷன். காலையில பெருக்கும்போது ஒரு ஒயர் கீழே தொங்கிட்டு இருந்திருக்கு. பசங்க கால்ல மாட்டிக்கப் போகுது, எக்ஸாம் நேரம் வேறன்னு, காலியா இருந்த ஓட்டையில சொருகிட்டாரு. மத்தியானத்துக்குள்ள "கவனக்குறைவு"ன்னு அவருக்கு மெமோ தயாராகுது.

அந்த ஒயர் ஏன் அவ்வளவு பெரிய காலேஜைப் படுக்க வச்சுது, அது யாரோட தப்பு, அதைத் தடுக்க என்ன செட் பண்ணணும், செட் பண்ணதை எப்படிக் கண்காணிக்கணும். இன்னைக்கு எபிசோட் இதுதான்.

சுத்திச் சுத்தி ஓடுற லாரி

நம்ம ஊர் ரோட்டையே எடுத்துக்குவோம். சேலத்துல இருந்து ராசிபுரம் பக்கமா நாமக்கல். நாமக்கல்ல இருந்து திருச்செங்கோடு, அங்கிருந்து சங்ககிரி, சங்ககிரியில இருந்து மறுபடி சேலம். ஒரு வட்டம். லாரிக்காரங்களுக்கு இது வசதி. ஒரு ரோடு அடைச்சா இன்னொண்ணுல போயிடலாம்.

நெட்வொர்க்லயும் அப்படித்தான், ரெண்டு வழி இருந்தா நல்லது. ஆனா ஈதர்நெட் ஸ்விட்ச்சுக்கு ஒரு பழக்கம் உண்டு. எல்லாருக்கும் போக வேண்டிய செய்தி வந்தா, அதாவது பிராட்காஸ்ட் வந்தா, வந்த போர்ட்டைத் தவிர மத்த எல்லா போர்ட்லயும் ஒரு காப்பி அனுப்பிடும். ஒவ்வொரு ஜங்ஷன்லயும் ஒரு முட்டை லாரி போகிற எல்லா ரோட்டுக்கும் ஒண்ணா பிரியுதுன்னு நினைச்சுக்குங்க. ரோடு வட்டமா இருந்தா பிரிஞ்ச லாரி திரும்பி வந்து மறுபடி பிரியும்.

ஐபி பாக்கெட்டுக்கு டிடிஎல்னு ஒரு எண் இருக்கு. ஒவ்வொரு ரவுட்டரைத் தாண்டும்போதும் ஒண்ணு குறையும், பூஜ்யம் ஆனா பாக்கெட் செத்துடும். டீசல் தீர்ந்த லாரி மாதிரி. ஈதர்நெட் ஃப்ரேமுக்கு அந்த எண்ணே கிடையாது. லூப்ல மாட்டினா யாராவது ஒயரைப் பிடுங்குற வரைக்கும் சுத்தும். இதுதான் பிராட்காஸ்ட் ஸ்டார்ம். சில நொடியிலேயே ரோடு பூரா லாரி.

இதுக்குத் தீர்வு எழுதினவங்க ராடியா பெர்ல்மன். 1985ல, டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன்ல வேலை பார்த்தப்போ. அவங்க வழி எளிமையானது: ஒயர் வட்டமாவே இருக்கட்டும், ஆனா ஸ்விட்ச்கள் தங்களுக்குள்ள பேசி, வட்டத்துல ஒரு இடத்தை மட்டும் அடைச்சு வச்சுக்கட்டும். மிச்சம் இருக்கிறது மரம் மாதிரி கிளை பிரியும், எங்கேயும் திரும்பி வந்து சேராது. இருக்கிற வழி அறுந்தா அடைச்சதைத் திறந்துக்கலாம். இது ஸ்பேனிங் ட்ரீ. 1990ல ஐஇஇஇ 802.1டி ஸ்டாண்டர்டா வந்தது. 2001ல ராபிட் ஸ்பேனிங் ட்ரீ வந்தது. பழசுல ஒரு மாற்றத்துக்கு அப்புறம் பாதை திறக்க 30 முதல் 50 நொடி ஆகும். புதுசுல பெரும்பாலும் ஓரிரு நொடிக்குள்ள முடிஞ்சுடும்.

ஸ்விட்ச்கள் பேசிக்கிற அந்தக் குட்டிச் செய்திக்குப் பேர் பிபிடியு. ரெண்டு நொடிக்கு ஒரு தடவை போகும். முதல்ல எல்லா ஸ்விட்ச்சும் சேர்ந்து ஒரு தலைவரைத் தேர்ந்தெடுக்கும், அது ரூட் ஸ்விட்ச். ப்ரையாரிட்டி எண் குறைவா இருக்கிறது ஜெயிக்கும். எல்லாத்துக்கும் ஒரே எண்ணா இருந்தா மேக் அட்ரஸ் சின்னதா இருக்கிறது ஜெயிக்கும்.

பலவீனமும் இங்கதான் இருக்கு. ஸ்பேனிங் ட்ரீ யாரையும் சந்தேகப்படாது. பிபிடியு அனுப்புற எவனும் ஸ்விட்ச். சின்ன எண் சொல்ற எவனும் தலைவன். பிபிடியு வரலன்னா அந்தப் பக்கம் ஆபத்து இல்லன்னு நம்பிடும். நாம பேசப்போற எல்லாப் பாதுகாப்பும் இந்த நம்பிக்கைக்கு எல்லை போடுற வேலைதான். எந்த போர்ட்ல யாரை நம்பணும்னு ஸ்விட்ச்சுக்கு நாம சொல்லிக் கொடுக்கிறோம்.

கம்ப்யூட்டர் இருக்கிற போர்ட்: போர்ட்ஃபாஸ்ட்டும் பிபிடியு கார்டும்

லேப்ல இருக்கிற போர்ட்ல கம்ப்யூட்டர் மட்டும்தான் வரணும். அங்க போர்ட்ஃபாஸ்ட் போடுவோம். இது இல்லன்னா ரெண்டு தொல்லை. ஒண்ணு, பழைய ஸ்பேனிங் ட்ரீயில ஒயர் சொருகி 30 நொடி காத்திருக்கணும். அதுக்குள்ள கம்ப்யூட்டர் ஐபி அட்ரஸ் கேட்டுக் கேட்டுக் களைச்சுடும். ரெண்டு, ஒவ்வொரு கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதும் "டோபாலஜி மாறிடுச்சு"ன்னு நெட்வொர்க் முழுக்கத் தகவல் போகும். ஸ்விட்ச்கள் கத்துக்கிட்ட மேக் அட்ரஸ்களை சீக்கிரம் மறந்துட்டு, எல்லா போர்ட்லயும் காப்பி அனுப்ப ஆரம்பிக்கும். காலை ஒன்பது மணிக்கு அறுபது கம்ப்யூட்டர் ஒண்ணா ஆன் ஆகுற லேப்ல இதை யோசிச்சுப் பாருங்க.

போர்ட்ஃபாஸ்ட் போட்ட போர்ட்ல பிபிடியு கார்டும் கட்டாயம் வேணும். அர்த்தம் இவ்வளவுதான்: "இங்க கம்ப்யூட்டர்தான் இருக்கணும். பிபிடியு ஒண்ணு வந்தாலும் ஏதோ தப்பு, போர்ட்டை மூடு." மூடின நிலைக்குப் பேர் எர்-டிஸேபிள். இன்டர்ஃபேஸ்குள்ள போய் "ஸ்பேனிங்-ட்ரீ போர்ட்ஃபாஸ்ட்", அடுத்த வரி "ஸ்பேனிங்-ட்ரீ பிபிடியுகார்ட் எனேபிள்". புது வெர்ஷன்ல போர்ட்ஃபாஸ்ட்டுக்குப் பின்னாடி "எட்ஜ்"னு ஒரு வார்த்தை சேரும். ஸ்விட்ச் முழுக்க ஒரே வரியில போடவும் முடியும், அப்போ போர்ட்ஃபாஸ்ட் இருக்கிற எல்லா போர்ட்லயும் கார்ட் தானா வந்துடும்.

என் சொந்த ஊர் குமாரபாளையம். வீட்டுக்குப் பின்னாடியே விசைத்தறி. ஊடை நூல் அறுந்தா தறி தானா நின்னுடும். நிக்கலன்னா துணியில ஓட்டை ஓட்டையா போயிட்டே இருக்கும், மொத்தப் பீஸும் வீண். பிபிடியு கார்ட் அந்த வேலையைத்தான் பண்ணுது. ஒரு தறி நின்னாலும் பரவாயில்ல, துணி கெடக்கூடாது.

பேர் ஒரே மாதிரி, வேலை நேர் எதிர்: பிபிடியு ஃபில்டர்

அடுத்த நாள் நான் அந்த காலேஜுக்குப் போனேன். கான்ஃபிக் எடுத்துப் பார்த்தா, லேப் போர்ட் எல்லாத்துலயும் பிபிடியு கார்ட் இருக்கு. அப்புறம் ஏன் மூடல? கீழ் வரியில பதில் இருந்துச்சு: "ஸ்பேனிங்-ட்ரீ பிபிடியுஃபில்டர் எனேபிள்."

ஃபில்டரை இன்டர்ஃபேஸ்ல நேரடியா போட்டா, அந்த போர்ட் பிபிடியு அனுப்பவும் செய்யாது, வர்றதைப் பார்க்கவும் செய்யாது. அந்த போர்ட்ல ஸ்பேனிங் ட்ரீயையே அணைச்ச மாதிரி. கார்டும் ஃபில்டரும் ஒண்ணா இருந்தா ஃபில்டர்தான் ஜெயிக்கும், கார்டுக்குச் செய்தியே போய்ச் சேராது. கான்ஃபிக்கைப் பார்க்கிறவனுக்குப் பாதுகாப்பு இருக்கிற மாதிரியே தெரியும்.

நண்பன்கிட்ட கேட்டேன். மூணு மாசம் முன்னாடி யாரோ ஒரு லேப்ல மேனேஜ்ட் ஸ்விட்ச் கொண்டு வந்து மாட்டியிருக்காங்க. கார்ட் சரியா வேலை செஞ்சு போர்ட்டை மூடியிருக்கு. லாக் யாரும் பார்க்கல. "போர்ட் செத்துப் போச்சு, செத்துப் போச்சு"ன்னு தினம் புகார். இவனுக்கு முன்னாடி இருந்தவர் இன்டர்நெட்ல தேடி, ஃபில்டர் வரியைப் போட்டதும் புகார் நின்னுடுச்சு. தறி அடிக்கடி நிக்குதேன்னு நிறுத்துற கம்பியையே கட்டிப் போட்ட கதை.

ஃபில்டர் மட்டும் இல்லாம இருந்திருந்தா, அட்டெண்டர் அண்ணன் ஒயரைச் சொருகின உடனே ஒரு போர்ட்ல இருந்து போன பிபிடியு சின்ன ஸ்விட்ச் வழியா இன்னொரு போர்ட்டுக்கு வந்திருக்கும். கார்ட் மூடியிருக்கும். அந்த ஒரு மேஜையில நாலு கம்ப்யூட்டருக்கு நெட் போயிருக்கும். அவ்வளவுதான்.

ஒரு எச்சரிக்கை. விலை குறைஞ்ச சில அன்மேனேஜ்ட் ஸ்விட்ச் பிபிடியுவைக் கடத்தாம விழுங்கிடும். அப்போ கார்டுக்கும் தெரியாது. அதனால லேப் போர்ட்ல ஸ்டார்ம் கன்ட்ரோலும் போடுங்க. பிராட்காஸ்ட் ஒரு அளவைத் தாண்டினா மிச்சத்தைத் தூக்கி எறிஞ்சுடும். அளவை மனசுக்குத் தோணின மாதிரி வைக்காம, ஒரு வாரம் சாதாரண ட்ராஃபிக்கைப் பார்த்துட்டு அதுக்கு மேல வைங்க.

ஸ்விட்ச்சுக்கும் ஸ்விட்ச்சுக்கும் நடுவுல: ரூட் கார்ட், லூப் கார்ட்

ஸ்விட்ச்கள் இணையுற போர்ட்ல பிபிடியு வந்தே ஆகணும். அங்க பிபிடியு கார்ட் போட்டா நாமே நெட்வொர்க்கை அறுத்த மாதிரி. அங்க வேற ரெண்டு காவல் இருக்கு.

ஒண்ணு ரூட் கார்ட். முதல்ல தலைவர் யாருன்னு நாமே முடிவு பண்ணணும். டீஃபால்ட் ப்ரையாரிட்டி 32768. கோர் ஸ்விட்ச்சுக்கு 4096, அது போனா வர வேண்டிய ரெண்டாவதுக்கு 8192 வைங்க. இதைப் பண்ணாத இடத்துல மேக் அட்ரஸ் சின்னதா இருக்கிறது தலைவர் ஆகும், பல நேரம் அது ஏதோ ஒரு ரூம்ல தூசி படிஞ்சு கிடக்கிற பழைய ஸ்விட்ச்சா இருக்கும். காலேஜ் ட்ராஃபிக் முழுக்க அது வழியா நடக்கும். எண் வச்ச அப்புறம், கோர்ல இருந்து கீழே மத்த பில்டிங்குக்குப் போற போர்ட்கள்ல ரூட் கார்ட். அந்தப் பக்கம் இருந்து யாராவது "நான்தான் தலைவன்"னு உசந்த பிபிடியு அனுப்பினா, போர்ட் ரூட்-இன்கன்ஸிஸ்டன்ட்னு ஒரு நிலைக்குப் போய் ட்ராஃபிக்கை நிறுத்தும். அந்தப் பேச்சு நின்னதும் தானா திறந்துக்கும்.

ரெண்டாவது லூப் கார்ட். ஹாஸ்டலுக்கும் மெயின் பில்டிங்குக்கும் நடுவுல ஃபைபர்னு வச்சுக்குங்க. அனுப்ப ஒரு இழை, வாங்க ஒரு இழை. எலி கடிச்சோ கனெக்டர் தளர்ந்தோ ஒரு இழை மட்டும் போனா, சில நேரம் லிங்க் லைட் எரிஞ்சுக்கிட்டே இருக்கும், ஆனா பிபிடியு வராது. அடைச்சு வச்சிருந்த போர்ட், "பிபிடியு வரல, அப்போ அந்தப் பக்கம் யாரும் இல்ல"ன்னு திறந்துடும். லூப்! லூப் கார்ட் இருந்தா, பிபிடியு நின்ன போர்ட்டைத் திறக்காம லூப்-இன்கன்ஸிஸ்டன்ட்ல வச்சுடும். இதை அடைபட்ட மாற்று வழி போர்ட்லயும் ரூட்டை நோக்கிப் போற போர்ட்லயும் போடணும். ஒரே போர்ட்ல ரூட் கார்டும் லூப் கார்டும் சேராது.

நாலு நாள் பேப்பர்ல ஓடின ஆஸ்பத்திரி

இதெல்லாம் காலேஜ் அளவு பிரச்சினைன்னு நினைக்காதீங்க. 2002 நவம்பர்ல, அமெரிக்காவுல பாஸ்டன் நகரத்துல பெத் இஸ்ரேல் டீக்கனஸ் ஆஸ்பத்திரியோட நெட்வொர்க் படுத்துடுச்சு. சுமார் நாலு நாள். லேப் ரிசல்ட், மருந்துச் சீட்டு எல்லாம் பழைய மாதிரி பேப்பர்ல எழுதி ஆள் ஓடிக் கொடுத்தாங்க. நெட்வொர்க் பல வருஷமா கொஞ்சம் கொஞ்சமா ஒட்டுப் போட்டு வளர்ந்து, ஸ்பேனிங் ட்ரீ பரிந்துரைக்கிற 7 ஸ்விட்ச் தூரத்தைத் தாண்டிப் போயிருந்துச்சு. அதிக ட்ராஃபிக் வந்ததும் பிபிடியு நேரத்துக்குப் போய்ச் சேராம லூப் ஆரம்பிச்சுது.

அந்த ஆஸ்பத்திரியோட தலைமைத் தகவல் அதிகாரி ஜான் ஹலம்கா இதை மூடி மறைக்கல. என்ன நடந்துச்சுன்னு வெளிப்படையா பேசினார். அதனாலதான் இன்னைக்கும் நாம அதுல இருந்து கத்துக்க முடியுது.

தறி நின்னா சத்தம் மாறும், போர்ட் நின்னா மாறாது

பத்து தறி ஓடுற பட்டறையில ஒண்ணு நின்னா, திண்ணையில உட்கார்ந்து டீ குடிச்சிட்டிருக்கிற எங்க அப்பாவுக்குத் தெரியும். சத்தம் மாறிடும். போர்ட் நின்னா எந்தச் சத்தமும் வராது. அந்தச் சத்தத்தை நாமதான் உண்டாக்கணும். மூணு மாசம் முன்னாடி அந்த போர்ட் மூடினப்போ ஒரே ஒரு அலர்ட் போயிருந்தா, ஃபில்டர் வரியே வந்திருக்காது.

முதல் வேலை, எல்லா ஸ்விட்ச்சோட லாகும் ஒரு சிஸ்லாக் சர்வருக்குப் போகட்டும். ஸ்விட்ச் கடிகாரம் என்டிபி வழியா சரியா இருக்கட்டும். எதுக்கு முன்னாடி எது நடந்துச்சுன்னு தெரியாத லாகால பிரயோஜனம் இல்ல. பிபிடியு கார்ட் போர்ட்டை மூடின செய்தி, எர்-டிஸேபிள் செய்தி, ஒரே மேக் அட்ரஸ் ரெண்டு போர்ட்டுக்கு நடுவுல தாவுற மேக்ஃப்ளாப் செய்தி. இந்த மூணு வந்தா உடனே டெலிகிராம்லயோ மெயில்லயோ அலர்ட் வரணும். லிப்ரஎன்எம்எஸ், ஸேபிக்ஸ் ரெண்டும் ஓப்பன் சோர்ஸ், சின்ன காலேஜுக்குக் கூட கட்டுப்படி ஆகும்.

ரெண்டாவது, வாரம் ஒரு தடவை நாலு கட்டளை. "ஷோ இன்டர்ஃபேஸஸ் ஸ்டேட்டஸ் எர்-டிஸேபிள்ட்" மூடிக் கிடக்கிற போர்ட்டையும் காரணத்தையும் காட்டும். "ஷோ ஸ்பேனிங்-ட்ரீ இன்கன்ஸிஸ்டன்ட்போர்ட்ஸ்" ரூட் கார்டும் லூப் கார்டும் பிடிச்சு வச்சிருக்கிறதைக் காட்டும். "ஷோ ஸ்பேனிங்-ட்ரீ ரூட்" நாம வச்ச தலைவரே இருக்காரான்னு சொல்லும். "ஷோ ஸ்பேனிங்-ட்ரீ டீட்டெய்ல்" டோபாலஜி எத்தனை தடவை மாறுச்சு, கடைசியா எப்போ, எந்த போர்ட்ல இருந்துன்னு சொல்லும். அந்த எண்ணிக்கை சும்மா ஏறிட்டே இருந்தா, அந்த போர்ட்டைப் பிடிச்சுக்கிட்டே போங்க. பெரும்பாலும் போர்ட்ஃபாஸ்ட் போட மறந்த போர்ட்லயோ, ஆடிட்டிருக்கிற ஒயர்லயோ போய் நிக்கும்.

மூணாவது, மூடின போர்ட்டை எப்படித் திறக்கிறது. கையால "ஷட்டவுன்", "நோ ஷட்டவுன்" கொடுக்கலாம். "எர்டிஸேபிள் ரெக்கவரி காஸ் பிபிடியுகார்ட்" போட்டா ஸ்விட்ச்சே திறக்கும், டீஃபால்ட்டா 300 நொடி கழிச்சு. இது சொல்லாம ஆன் ஆகாது. நான் லேப்கள்ல ஆன் பண்ணுவேன். தப்பைச் சரி பண்ணிட்டா யாரும் நமக்கு போன் பண்ண வேண்டியதில்ல. தப்பு அப்படியே இருந்தா அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை மூடி மூடி அலர்ட் அனுப்பும். ஆனா அலர்ட் வராத இடத்துல ரெக்கவரி மட்டும் வைக்காதீங்க, பிரச்சினை ஒளிஞ்சுக்கும்.

இதையெல்லாம் போட்ட அப்புறம் ஒரு தடவை சோதிச்சுப் பாருங்க. லீவு நாள்ல, நிர்வாகத்துக்குச் சொல்லிட்டு, ஒரே ஒரு லேப்ல, அந்த லேப்போட அப்லிங்க் பக்கத்துல ஒரு ஆளை நிறுத்தி வச்சுக்கிட்டு, ரெண்டு சாக்கெட்டுக்கு நடுவுல ஒரு ஒயரைச் சொருகுங்க. போர்ட் மூடுதா, போனுக்கு அலர்ட் வருதான்னு பாருங்க. நாங்க அந்த காலேஜ்ல ஃபில்டரை எடுத்துட்டு இதைத்தான் பண்ணோம். ஒரு நொடியில மூடுச்சு. அலர்ட் வரல. சிஸ்லாக் சர்வர் அட்ரஸ்ல ஒரு எண் தப்பு. சோதிக்கலன்னா அடுத்த எக்ஸாம் அன்னைக்குத்தான் தெரிஞ்சிருக்கும்.

அந்த மெமோ

அன்னைக்கு அட்டெண்டர் அண்ணன் லேப் வாசல்ல நின்னுட்டே இருந்தாரு. "ஒயரு தொங்குதேன்னு சொருகுனனுங்க தம்பி. அதுல இம்புட்டு இருக்குன்னு எனக்கு எப்படிங்க தெரியும்?"

தெரிய வேண்டியது அவருக்கு இல்ல. ஓட்டை காலியா இருந்தா மனுஷன் ஒயரைச் சொருகுவான், அதுக்குத்தான் ஓட்டை வச்சிருக்கு. "உங்க தப்பு இல்லீங்கண்ணா"ன்னு சொன்னேன். வாயால சொன்னா போதாதுன்னு நானும் நண்பனும் சேர்ந்து ஒண்ணரைப் பக்க ரிப்போர்ட் எழுதினோம். எந்த வரி எப்போ கான்ஃபிக்ல வந்துச்சு, அது இல்லன்னா எத்தனை கம்ப்யூட்டர் பாதிச்சிருக்கும், இனிமே என்ன. ஆள் பேர் எதுவும் போடல, ஃபில்டர் போட்டவர் பேரும்தான். மெமோ வரல. இப்போ அந்த லேப்ல எல்லா ஒயர்லயும் சாக்கெட் நம்பர் ஒட்டியிருக்கு. ஒட்டினது அவர்தான்.

உங்க ஆபீஸ்ல, காலேஜ்ல ஸ்விட்ச் பார்த்துக்கிற ஆளா இருந்தா, திங்கட்கிழமை முதல் வேலையா கான்ஃபிக்ல "பிபிடியுஃபில்டர்"னு தேடிப் பாருங்க. கிடைச்சா, யார் போட்டாங்கன்னு தேடுறதுக்கு முன்னாடி ஏன் போட்டாங்கன்னு தேடுங்க. என்ன கிடைச்சுதுன்னு எங்களுக்கும் எழுதுங்க. அடுத்த எபிசோட்ல லேப்ல யாரோ கொண்டு வந்து மாட்டுற வைஃபை ரவுட்டர், எல்லாருக்கும் தப்பான ஐபி அட்ரஸ் கொடுக்கிற கதை. அதுவரைக்கும், தொங்குற ஒயரைப் பார்த்தா சொருகுறதுக்கு முன்னாடி யாரையாவது ஒரு வார்த்தை கேட்டுக்குங்க. வர்றேன் மக்களே.